பஸ் வேண்டாம், குளக்கட்டு போதும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறிய பாடசாலையில் புவியியல் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தரம் 6 முதல் 9 வரை எங்களிடம் 43 பிள்ளைகள். கூலி வேலை, தோட்டம், கடல் என்று வாழும் குடும்பங்கள். பஸ் பிடித்துச் சுற்றுலா கூட்டிப்போக இரண்டு வருடமாக முயன்றும் காசு சேரவில்லை. ஒரு பிள்ளை ஊன்றுகோலோடு நடக்கிறவள். வெளிக்களக் கல்வி முக்கியம் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். எங்களைப் போன்ற இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க என்ன செய்யலாம்?"

தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்கு மேல் வன்னியில் விஞ்ஞானம் படிப்பித்து, கடைசிச் சில வருடங்கள் சேவைக்கால ஆலோசகராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு முதல் பதில்: காசு சேராதது நல்லதாகப் போயிற்று. கோபிக்காதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

நானும் சுற்றுலா கூட்டிப்போனவன்தான். பேராதனைப் பூங்கா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, இரவிரவாக பஸ்ஸில் பாட்டு, விடியப்புறம் வாந்தி, எல்லாம் நடந்திருக்கிறது. ஒருமுறை திரும்பி வந்த கிழமை தரம் 8 பிள்ளைகளுக்கு "நான் சென்ற கல்விச் சுற்றுலா" என்று கட்டுரை கொடுத்தேன். திருத்தும்போது ஒரு கட்டுரை தனியாகத் தெரிந்தது. மிருகக்காட்சிச்சாலை யானை தும்பிக்கையால் தண்ணீர் அள்ளி ஊற்றியது, ஐஸ்கிறீம் உருகிச் சட்டையில் வழிந்தது, எல்லாம் கண்ணுக்கு முன் நின்றது. 20க்கு 17 போட்டுவிட்டுப் புள்ளிப் புத்தகத்தில் ஏற்றும்போதுதான் யோசித்தேன், இந்தப் பிள்ளை பஸ்ஸில் வரவேயில்லையே. கூட்டாளிகள் சொன்னதை எல்லாம் கேட்டு வைத்து எழுதியிருக்கிறாள். அந்த வகுப்பில் 31 பேரில் 12 பேர் வரவில்லை. வராதவர்களின் பெயருக்கு நேரே "விருப்பமில்லை" என்று எழுதியது என்னுடைய கைதான். அதே மாதம் அவளுடைய வீட்டு வேலியை உண்மையான காட்டு யானை பிரித்துப்போட்டிருந்தது. அதைப் பற்றி எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பிறகு எனக்கு ஒரு கணக்குப் பழகிவிட்டது. எந்த வேலையைத் திட்டமிட்டாலும், இதற்கு யார் வரமாட்டார்கள் என்று முதலில் கேட்பேன். காசில்லாதவன், ஊன்றுகோலோடு நடக்கிறவள், பெரியபிள்ளையானதிலிருந்து வீட்டார் வெளியே விடாதவள், அறுவடை நாட்களில் வேலைக்குப் போகிறவன். அந்த நாலு பேரும் வரக்கூடிய மாதிரி ஒன்றை அமைத்தால் மற்ற 39 பேரும் தானாக வருவார்கள். பஸ்ஸில் தொடங்கினால் அது நடக்காது. பாடசாலையிலிருந்து இருபது நிமிட நடைக்குள், பாடசாலை நேரத்துக்குள், செலவில்லாமல், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதாக இருந்தால் நடக்கும்.

வன்னியில் அந்த இடம் பெரும்பாலும் ஒரு குளமாகத்தான் இருக்கும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போல் பெரிய குளம் வேண்டும் என்றில்லை. ஊரில் நாலைந்து குடும்பத்தின் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னக் குளம் இன்னும் நல்லது, ஒரு பிள்ளையின் கண்ணுக்குள் முழுவதும் அடங்கும். ஏறக்குறைய 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ மாகாண நிர்வாகத்திடமோ இருக்கும். உங்களுடையது எது என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்கப் போகும்போதே பாதி வேலை முடிந்துவிடும், ஏனென்றால் அங்கேதான் கமக்காரர் அமைப்பின் தலைவரைக் காண்பீர்கள். உங்களுக்கு அவர்தான் தேவை.

முதல் நாள் எதையும் அளக்க வேண்டாம். கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) எது, வான் (குளம் நிரம்பி வழியும் இடம்) எது, அலைகரை (குளத்தின் நீரோரம்) எது, வாய்க்கால் எங்கே பிரிகிறது என்று பிள்ளைகளைக் கொண்டே சொல்ல வையுங்கள். பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாத சொல் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுப்பில் வாய் திறக்காத ஒருவன் மாடு மேய்க்கிறவனாக இருப்பான். எந்த மாதத்தில் அலைகரையில் புல்லு வரும், எந்த இடத்தில் சேறு இடுப்பு மட்டும் இழுக்கும் என்று அவன் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் வாயடைத்து நிற்பார்கள். ஒரு பெடியன் தரம் 6இலிருந்து எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்பட்டவன், குளத்தில் நின்ற நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வித்தியாசத்தை எனக்கே காட்டித் தந்தான்.

இரண்டாவது முறையிலிருந்து ஒரு எண்ணைக் கொண்டுவாருங்கள். பல குளங்களில் துருசுக்குப் பக்கத்தில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் நிற்கும். அந்த எண்ணை மாதம் ஒருமுறை வாசித்து வகுப்புச் சுவரில் வரைபாக்கினால், ஒரு வருடத்தில் வன்னியின் காலநிலையே அந்தக் கோட்டில் தெரியும். செப்டெம்பரில் அடிமட்டம், ஒக்ரோபர் கடைசியில் மெல்ல ஏற்றம், மாரி உறைத்ததும் செங்குத்து, தைக்குப் பிறகு சரிவு. வடகீழ்ப் பருவக்காற்று என்று புத்தகத்தில் ஒரு பந்தியாகக் கிடப்பது சுவரில் ஒரு மலையாக நிற்கும்.

பிறகு மழைமானி. சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக அதற்குள்ளேயே புனலாக வைத்தால் முடிந்தது. ஒரு சின்ன விஷயத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள்: சோடாப் போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேராகிற மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, அங்கே பூச்சியம் என்று கோடு போட்டால்தான் மில்லிமீற்றர் சரியாக வரும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் தண்ணீர். 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உள்ள வகுப்பறைக் கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 1,500 லீற்றர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீற்றர் என்றால் ஏறக்குறைய 4,000 லீற்றர். குளத்தின் கொள்ளளவை ஏக்கர் அடியில் சொல்வார்கள். ஒரு ஏக்கர் அடி 12 இலட்சம் லீற்றருக்குக் கொஞ்சம் மேலே. கணித ஆசிரியரை இந்த இடத்தில் இழுத்துக்கொண்டால் அவரும் ஒருநாள் கட்டுக்கு வருவார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று அங்கே முடிவெடுப்பார்கள். சத்தமும் வரும், சண்டையும் வரும். கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் தரம் 9 பிள்ளைகள் தங்கள் அளவுகளை வைத்து ஒரு எண்ணைச் சொல்லட்டும். அதை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி அதிபரிடம் கொடுங்கள். கூட்டம் முடிந்த பிறகு திறந்து பாருங்கள். எண் பிழையாக வந்திருந்தால் ஏன் என்று கமக்காரர் அமைப்புத் தலைவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். குடியியல், புவியியல், கணிதம், விவசாயம் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும். அவர் பாடசாலைக்கு வந்து கதிரையில் இருந்து கதைப்பதும் சின்ன விஷயமில்லை. தன் பிள்ளையின் மாணவர் அறிக்கையில் கையெழுத்துப் போட மட்டும் பாடசாலைக்கு வந்து பழகியவர்தான் அநேகமாக அவர்.

சின்னக் குளங்களுக்கு இன்னொரு விசேஷம், அவை தனியே இருப்பதில்லை. மேலே உள்ள குளத்தின் வான் பாய்ந்தால் கீழே உள்ளதற்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. இலங்கையின் உலர் வலயத்தில் உள்ள இந்தத் தொடர்குள முறையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. உங்கள் ஊர்க் குளம் வான் பாயும் தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். "அடுத்த குளத்துக்கு" என்று ஒருவர் சொல்வார். அதற்குப் பிறகு? கடல் வரைக்கும் கேட்டுக்கொண்டே போகலாம். வகுப்பறையில் மணலில் அந்த வரைபடத்தைக் கட்டலாம்.

நிழற்கோல் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னி ஏறக்குறைய வடக்கு 9 பாகையில் இருப்பதால் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, மற்றது ஆகஸ்ட் கடைசியில். முதலாவது விடுமுறைக்குள் விழும். இரண்டாவது பாடசாலை நாளில் வந்தால் விடாதீர்கள். பகல் 12 மணி 10 நிமிடமளவில் நிமிர்ந்து நிற்கும் கம்பின் நிழல் அதன் காலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். முற்றத்தில், ஒரு கம்போடு, ஊன்றுகோல் பிள்ளை உட்பட எல்லாரும் பார்க்கலாம். ஊன்றுகோலே கம்பாகவும் பயன்படும், அவள் சம்மதித்தால்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஆசிரியர்கள் நல்ல மனதோடு செய்கிற பிழை ஒன்று உண்டு: "நீ இதில் இருந்து கணக்கு எழுதம்மா" என்று ஒரு மரநிழலில் உட்கார வைத்துவிடுவது. எழுதுகிற வேலையை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருக்கு மாற்றுங்கள். குளக்கட்டு அவளுக்கு நீங்கள் நினைப்பதைவிட ஏற்ற இடம். கட்டின் மேற்பக்கம் பெரும்பாலும் கிரவல் போட்டு, உழவு இயந்திரம் ஓடுகிற அகலத்தில் இருக்கும். ஊன்றுகோலுக்கும் சக்கர நாற்காலிக்கும் அலைகரைச் சேற்றைவிட அது எவ்வளவோ மேல். அதனால் குழுவின் வேலையைக் கட்டின் மேலேயே அமையுங்கள். அவளுக்காக என்று சொல்லாமல், எல்லாருக்கும் அப்படி. முதல் நாளுக்கு முன் நீங்கள் தனியே அந்த வழியால் நடந்து பாருங்கள், முடிந்தால் அவளுடைய அம்மாவோடு. எங்கே ஏற்றம், எங்கே கல், எங்கே இருந்து இளைப்பாறலாம் என்று தெரிந்துவிடும். தூரம் கூடினால் ஊரில் யாருடையதாவது லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி கிடைக்கும். அதில் அவளை மட்டும் ஏற்றினால் அடுத்த முறை வரமாட்டாள். தண்ணீர்ப் போத்தல்களோடு நாலு பேரை முறை வைத்து ஏற்றுங்கள். பெட்டியில் போவது பெருமையாகிவிடும்.

பார்வை குறைந்த பிள்ளை இருந்தால் ஒலி வரைபடம் செய்யலாம். கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருந்து, எந்தத் திசையில் எந்தச் சத்தம் என்று தாளில் குறிப்பது. ஆட்காட்டி, மயில், தூரத்து மோட்டர், துருசால் விழுகிற தண்ணீர். எல்லாப் பிள்ளைகளும் செய்ய, அந்தப் பிள்ளைதான் முதலில் நிற்கும்.

பெண்பிள்ளைகளின் விஷயம் வேறு. தரம் 7, 8இல் சாமத்தியப்பட்டதும் சில வீடுகளில் வெளியே விட யோசிப்பார்கள். பெற்றாரோடு வாதாடிப் பயனில்லை, அவர்களுடைய பயத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு பாடவேளையைச் சேர்த்து எடுங்கள். அதற்குள் போய்த் திரும்புவதாக இருந்தால் மலசலகூடப் பிரச்சினையும் பெரும்பாலும் வராது. ஒவ்வொரு முறையும் இரண்டு அம்மாமாரைக் கூப்பிடுங்கள், ஒருமுறை வந்தவர் அடுத்த வீட்டாருக்குச் சொல்வார். எனக்குத் தெரிய மிகக் கண்டிப்பான ஒரு அம்மம்மாதான் பிறகு ஒவ்வொரு முறையும் வந்து, எது பாலை, எது வீரை, எது முதிரை என்று எங்களுக்குப் படிப்பித்தவர். பாலைப்பழ காலத்தில் அவர் வந்தால் பாடம் நடக்காது, அது வேறு கதை.

இனி நாங்கள் சும்மா கடந்துபோக முடியாத ஒன்று. மற்ற ஊர்களில் வெளிக்களக் கல்வி என்றால் பிள்ளையைப் பாதையை விட்டு இறங்கித் தேடச் சொல்வார்கள். வன்னியில் அப்படிச் சொல்லக் கூடாது. 2009க்குப் பிறகு மிதிவெடி அகற்றிப் பெரும்பகுதி நிலம் மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. முகமாலை போன்ற இடங்களில் அந்த வேலை நீண்ட காலம் இழுத்தது. துப்புரவாக்கிய இடம் என்று தெரிந்தாலும், நான் கடைப்பிடித்த விதிகள் இவை: ஊர்ச்சனம் தினமும் நடக்கிற பாதையில் மட்டும் நடப்பது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கிற பக்கம் எட்டியும் பார்க்காதது. இரும்பாக எதைக் கண்டாலும் தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்வது. கடும் மழைக்குப் பிறகு மண் கழுவுப்பட்டுப் பழையது மேலே வரலாம் என்பதால் அந்தக் கிழமை கூடுதல் கவனம். மண் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் புதிதாக எங்கும் தோண்டாமல், வருடாவருடம் உழுகிற வயலிலோ பாடசாலைத் தோட்டத்திலோ எடுங்கள். ஒரு போத்தலில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலிலும் களி கடைசியிலும் படியும், அதற்கு ஒரு பிடி மண் போதும். புது இடம் என்றால் முதலில் கிராம அலுவலரையும், அங்கே விறகு வெட்டுகிறவர், மாடு மேய்க்கிறவர் இருவரையுமாவது கேளுங்கள்.

இப்போது தரம் 6, 7இல் இருக்கிற பிள்ளைகள் யுத்தம் முடிந்து பிறந்தவர்கள். பயம் அவர்களிடம் இல்லை, பெற்றாரிடம் இருக்கிறது. காடு என்றதும் ஒரு தாய் முகம் இறுகினால் அவரைப் பிற்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். என்ன பார்த்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. சம்மதக் கடிதத்தை மாணவனிடம் கொடுத்து அனுப்பாமல் வீட்டுக்குப் போய்க் கதையுங்கள்.

மற்ற ஆபத்துகள் எல்லாருக்கும் தெரிந்தவை, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். தண்ணீருக்குள் யாரும் இறங்குவதில்லை, கால் கழுவக்கூட இல்லை. குளத்தில் முதலையும் இருக்கலாம், சேறும் இழுக்கும். காலில் புண் உள்ள பிள்ளை சேற்றில் நிற்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். பற்றைக்குள் கை விடுவதில்லை. பாம்பு கடித்தால் கட்டுவதோ கீறுவதோ இல்லாமல், அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. யானை நடமாட்டம் உள்ள ஊரானால் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலையிலும் வேண்டாம். புது இலத்தி கண்டால் அன்று திரும்பிவிடுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது, எனவே முதல் இரண்டு பாடவேளையையும் கேட்டு வாங்குங்கள்.

கேட்டு வாங்குவது என்றதும் அதிபர் ஞாபகம் வரும். தயங்குகிற அதிபர் பெரும்பாலும் கெட்டவர் அல்ல, ஏதாவது நடந்தால் கையெழுத்துப் போட்டவரைத்தான் பிடிப்பார்கள். அவருக்குத் தேவையானது காகிதம். எந்த நாள், எந்த வழி, எத்தனை பெரியவர்கள், முதலுதவிப் பெட்டி யாரிடம், திரும்பும் நேரம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். "பாடத்திட்டம் முடியாது" என்பார். அதற்கு மறுமொழி பாடசாலை மட்டக் கணிப்பீடு. எப்படியும் பிள்ளைகளுக்குச் செயற்பாடு கொடுத்துப் புள்ளி போடத்தானே வேண்டும்? அட்டையில் படம் ஒட்டுவதற்குப் போடுகிற புள்ளியை நீர்மட்ட வரைபுக்குப் போடுங்கள். அட்டை, பசை, கலர்ப் பேப்பர் வாங்கப் பெற்றாருக்குப் போகிற காசும் மிச்சம்.

தூர இடங்களை முற்றாக விடச் சொல்லவில்லை. ஒரு வருடம் குளத்தோடு பழகிய பிள்ளைக்கு அவை வேறு மாதிரித் தெரியும். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. மன்னார்ப் பக்கம் வங்காலை ஈரநிலம் 2010இலிருந்து உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. குளிர் நாடுகளிலிருந்து வரும் பறவைகளைப் பார்க்க மார்கழி, தை நல்லது. ஒட்டுசுட்டானை அண்டியவர்களுக்குக் கற்சிலைமடு இருக்கிறது. 1803 ஒக்ரோபர் 31 அன்று வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததாக அவர்களே கல்வெட்டி வைத்த இடம். வென்றவன் நட்ட கல்லால் தோற்றவனின் பெயரை நாங்கள் நினைவு வைத்திருக்கிறோம், தரம் 8க்கு இதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வி கிடைக்காது. இரணைமடுவுக்குப் போனால் இன்னொன்றையும் சொல்லுங்கள்: கற்கால மனிதரின் கருவிகள் கிடைக்கும் செம்மண், சரளைப் படிவுகளுக்கு ஆய்வாளர்கள் "இரணைமடுப் படிவு" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தகைய பயணத்துக்குப் பக்கத்துப் பாடசாலையோடு சேர்ந்து ஒரு பஸ் பிடியுங்கள். காசு தலைக்கு இவ்வளவு என்று கேட்காமல், சங்கமும் பழைய மாணவரும் முழுதாகப் பொறுக்கும் அளவுக்கு மட்டும் திட்டமிடுங்கள். ஒருவர் காசால் நிற்கிறார் என்றால் அந்தப் பயணம் அந்த வருடம் வேண்டாம்.

தொடங்குவதானால் முதல் மழைக்கு முன், செப்டெம்பரில் தொடங்குங்கள். ஒரு கயிறு, ஒரு அளவு நாடா, ஒரு வாளி குடிதண்ணீர், ஆளுக்கொரு பழைய கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், நனைந்தால் அழிந்துவிடும். குளத்து அளவுகோலில் எண் அழிந்திருந்தால் கமக்காரர் அமைப்பிடம் சொல்லிப் பெயின்ற் அடிக்கச் சொல்லுங்கள். அதுவும் நடக்காவிட்டால், துருசுப் படியில் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று எண்ணி எழுதினாலும் சரிதான்.